பில்லிலிருந்து வங்கிவரை: எங்கள் உணவகத்தில் அட்டைச் சேவையை மாற்றிய அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில், வாவியைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் கடலுணவுக் கடையில், ஒரு சனிக்கிழமை இரவு 12,650 ரூபாய் பில்லுக்கு வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து 1,265 ரூபாய் மட்டுமே அறவிடப்பட்டிருந்தது. கடைசிப் பூச்சியத்தை அழுத்த மறந்த தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கையில் நண்டுக்கறிச் சட்டி, மறு கையில் அட்டை இயந்திரம், மூன்று மேசைகளிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு என்று நின்ற நேரம் அது. எனக்கு உறைத்தது வேறொன்று. அந்தத் தவறு எங்கள் கண்ணில் படுவதற்கு மூன்று கிழமைகள் எடுத்தன. பில் அடிக்கும் பிஓஎஸ் கணினியில் 12,650 ரூபாய் அட்டையில் செலுத்தப்பட்டது என்றே பதிவாகியிருந்தது. வங்கியின் இயந்திரத்துக்குத் தெரிந்தது 1,265 ரூபாய் மட்டும். இரண்டும் ஒன்றோடொன்று பேசாத நிலையில், இடையில் நின்று தொகையைக் கையால் அழுத்திய மனிதரை நம்பியே எங்கள் வியாபாரம் ஆறு ஆண்டுகளாக நடந்திருக்கிறது.

அண்ணன் மாதாந்த வங்கிக் கூற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, அட்டைச் சேவையை மாற்றுவது என்று அன்றே தீர்மானித்தோம். ஆனால் அந்தத் தீர்மானத்துடன் முதலில் நாங்கள் போன வழி தவறானது. எல்லோரையும்போல நாங்களும், ஒவ்வொரு அட்டைக் கொடுப்பனவிலும் வங்கி தனக்காக எடுக்கும் கழிவு வீதத்தைத்தான் முதலில் கேட்டோம். பழைய இடத்தில் 2.75 வீதம், புதிதாக வந்து பேசியவர் 2.5 வீதம் என்றார். கால் வீதம் மிச்சம் என்ற மகிழ்ச்சியில் கையொப்பமிடவிருந்த நாளுக்கு முதல் நாள் இரவு, ஆறு மாதக் கூற்றுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அட்டை வியாபாரம் 18,00,000 ரூபாயாக இருந்த ஒரு மாதத்தில், 2.75 வீதத்தின்படி 49,500 ரூபாய்தான் கழிந்திருக்க வேண்டும். கழிந்திருந்தது 56,700 ரூபாய். இரண்டு இயந்திரங்களின் மாத வாடகை, வெளிநாட்டு அட்டைகளுக்கான கூடுதல் வீதம் ஆகியவை சேர்ந்தபோது உண்மையான செலவு 3.15 வீதமாகியிருந்தது. பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டவர்கள் எங்களிடமும் சாப்பிட வருவதால், அந்தக் கூடுதல் வீதம் எங்களுக்குச் சிறிய விடயமன்று. ஆகவே வருகிறவர் சொல்லும் வீதத்தை நம்பவேண்டாம். மாதம் முழுவதும் கழிந்த எல்லாத் தொகைகளையும் கூட்டி, மாத அட்டை வியாபாரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு எண்ணை வைத்தே ஒப்பிடவேண்டும்.

இன்னொரு கணக்கை உணவகக்காரர்கள் பலர் பார்ப்பதில்லை. வாட் பதிவுள்ள கடையில் 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், 10 வீத சேவைக் கட்டணத்துடன் 11,000 ரூபாய் ஆகும். 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக இருக்கும் வாட் வரியைச் சேர்த்தால், வேறு வரிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பில் 12,980 ரூபாய். வங்கி தன் 2.5 வீதத்தை இந்த 12,980 ரூபாய் மீதே எடுக்கிறது. அதாவது 324.50 ரூபாய். வாட் பணம் அரசுக்குரியது, சேவைக் கட்டணம் எங்களிடம் வேலைசெய்யும் பிள்ளைகளுக்குரியது. ஆனால் அந்த இரண்டின் மீதான கழிவும் சாப்பாட்டின் 10,000 ரூபாயிலிருந்தே போகிறது. எனவே எங்கள் கைக்கு அது ஏறத்தாழ 3.25 வீதச் சுமை. சாப்பாட்டு விலையை நிர்ணயிக்கும்போதே இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். எடுக்காத சிலர் அட்டை நீட்டும் வாடிக்கையாளரிடம் மேலதிகமாக இரண்டு மூன்று வீதம் கேட்கிறார்கள். அது வங்கியுடன் நாம் செய்யும் வணிகர் உடன்படிக்கைக்கு முரணானது என்று இலங்கை மத்திய வங்கியும் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைவிட, விலைப்பட்டியலில் போட்ட விலையைக் கல்லாவில் மாற்றுவது வந்தவரை அவமதிப்பதாகவே எனக்குப் படுகிறது.

கணக்கைப் பார்த்து முடித்த இரவில்தான் உண்மையான கேள்வி எனக்குத் தெளிவானது. புதிய இயந்திரம் எங்கள் பிஓஎஸ் கணினியுடன் நேரடியாகப் பேசுமா? காசாளர் அட்டை என்ற பொத்தானை அழுத்தியதும் பில் தொகை தானாக இயந்திரத்தின் திரைக்குப் போகவேண்டும். வாடிக்கையாளர் அட்டையை வைத்ததும் வங்கி தரும் அனுமதி இலக்கமும் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் தானாகப் பில்லுக்குத் திரும்பி வரவேண்டும். அட்டையின் முழு இலக்கம் கணினிக்குள் வரவே கூடாது, அது இயந்திரத்துக்குள்ளேயே மறைகுறியாக்கப்பட்டு வங்கிக்குப் போகவேண்டும். இவ்வாறு இருந்தால் யாரும் தொகையைக் கையால் அழுத்தத் தேவையில்லை, எங்கள் கணினியில் திருடுவதற்கான அட்டைத் தகவலும் இல்லை.

இந்தக் கேள்வியை வங்கியின் விற்பனை அலுவலரிடம் கேட்டபோது, எந்த பிஓஎஸ் உடனும் வேலை செய்யும் என்று உடனே பதில் வந்தது. பக்கத்தில் தனியாக வைத்துப் பாவிக்கலாம் என்பதே அதன் பொருள் என்பது பிறகுதான் விளங்கியது. மென்பொருள் தந்தவர்களிடம் கேட்டால், குறிப்பிட்ட சில மாதிரி இயந்திரங்களுக்கு மட்டுமே தங்களிடம் இணைப்பு இருப்பதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும் சொன்னார்கள். ஆகவே இரு தரப்பையும் ஒரே தொலைபேசி அழைப்பில் சேர்த்து, இயந்திரத்தின் மாதிரிப் பெயரை இருவர் வாயாலும் சொல்லவைத்து, அதைக் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்டோம். அந்த ஒரு கடிதத்துக்காக பத்து நாட்கள் காத்திருந்தோம். காத்திருந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் முதலில் எங்களுக்குத் தருவதாக இருந்த மாதிரிக்கு இணைப்பே இருக்கவில்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விடயம் தூரம். கொழும்பில் இருக்கும் கடைக்கு இயந்திரம் பழுதானால் பின்னேரத்துக்குள் மாற்று இயந்திரம் வந்துவிடும். எங்களுக்கோ அது இரவு பஸ்ஸில் ஏறி மறுநாள் காலையில்தான் வந்து சேரும். மட்டக்களப்புக் கிளையில் மாற்று இயந்திரம் ஒன்று எப்போதும் இருக்குமா, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் தமிழில் பேசக்கூடிய ஒருவர் எடுப்பாரா என்று கேட்டு, அந்த இலக்கத்துக்கு ஒரு ஞாயிறு இரவில் உண்மையாகவே அழைத்தும் பார்த்தோம். இயந்திரத்துக்குள் போடும் சிம் விடயத்திலும் இதே கவனம் தேவை. எங்கள் முன்மண்டபத்தில் நன்றாக எடுக்கும் வலையமைப்பு வாவிக்கரை மேசைகளில் எடுப்பதில்லை. இரண்டு நிறுவனங்களின் சிம்களைத் தொலைபேசியில் போட்டு மேசை மேசையாக நடந்து பார்த்த பிறகே, எந்த சிம் வேண்டும் என்று வங்கிக்குச் சொன்னோம்.

மாற்றும் நாளைத் தெரிவதற்கு நாட்காட்டியை நீண்ட நேரம் பார்த்தோம். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் கடை நிரம்பி வழியும். டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழையுடன் மின்சாரமும் இணையமும் அடிக்கடி போகும். இவற்றுக்கு இடையில் ஒக்டோபரைத் தெரிவுசெய்தோம். அறுகம்பேயில் தேநீர்க்கடை நடத்தும் நண்பர் ஒருவர், அலைச்சறுக்குக் காலம் முடிந்து ஊர் அடங்கிய பின் நவம்பரில் இதே மாற்றத்தைச் செய்தார், அவருக்கு அது பொருந்தியது. கிழமை நாளைப் பொறுத்தவரை, செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊரில் பலர் மச்சம் சாப்பிடாத நாட்கள் என்பதால் கடலுணவுக் கடைக்கு ஓய்வான நாட்கள். வெள்ளியில் மாற்றினால் சனி ஞாயிறில் வரும் சிக்கலைத் தீர்க்க வங்கியில் ஆளிருக்காது. ஆகவே செவ்வாய்க்கிழமை.

இயந்திரம் வந்த நாளன்று பற்றுச்சீட்டின் தலைப்பைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அப்பாவின் பெயரில் இருந்த பழைய வியாபாரப் பதிவுப் பெயர் அச்சாகியிருந்தது. வாடிக்கையாளரின் மாதக் கூற்றிலும் அந்தப் பெயரே வரும். சாப்பிட்ட கடையின் பெயர்ப் பலகையில் இல்லாத ஒரு பெயரை ஒன்றரை மாதம் கழித்து ஜேர்மனியில் இருந்து பார்ப்பவர், இது நான் செய்த செலவல்ல என்று தன் வங்கிக்கு முறையிடுவது இயல்பு. பெயரைத் திருத்திய பிறகே இயந்திரத்தை ஏற்றுக்கொண்டோம்.

அன்று பிற்பகல் முழுவதும் சோதனை. நூறு ரூபாய்க்கு ஒரு பில் போட்டு, விசா, மாஸ்டர்கார்ட், தொடுமுறை, சிப் செருகும் முறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற அட்டைகள் புதிய உடன்படிக்கையில் அடங்குமா, அல்லது அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டிருந்தோம். ஒரே பில்லை மூவருக்குப் பிரித்தோம். பில்லுக்கு மேல் அன்பளிப்புக் கொடுக்க விரும்பும் வெளிநாட்டவருக்காக, அந்தத் தொகையைக் கணினியிலேயே சேர்க்கும் இடத்தைத் திறக்கவைத்தோம், ஏனென்றால் இயந்திரத்தில் மட்டும் அதைச் சேர்த்தால் இரண்டு பக்கக் கணக்கும் மறுபடி பிரிந்துவிடும். அன்றைய கொடுப்பனவுகளை மொத்தமாக வங்கிக்கு அனுப்பி முடிக்கும் செட்டில்மென்ட்டுக்கு முன் ஒரு கொடுப்பனவை ரத்துச் செய்து பார்த்தோம். செட்டில்மென்ட் முடிந்த பிறகு இன்னொன்றை மீளளித்துப் பார்த்தோம். இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதைக் காசாளர் தன் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் பதியும். முதலாவதில் பணம் வங்கிகளுக்கிடையில் கைமாறவே இல்லை. இரண்டாவதில் போன பணம் திரும்பி வருவதால், வாடிக்கையாளரின் கணக்கைச் சேரச் சில நாட்கள் எடுக்கும். அதை அவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டு அட்டையை வைத்ததும், ரூபாயில் செலுத்துவதா அவர்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துவதா என்று இயந்திரத்தின் திரை கேட்கும். அவசரத்தில் எங்கள் பையன்களே ஏதோ ஒன்றை அழுத்திவிடுவதைச் சோதனையின்போது கவனித்தேன். நாணய மாற்று வீதம் அதில் அடங்கியிருப்பதால் அந்தத் தெரிவு முழுக்க வாடிக்கையாளருக்கு உரியது. திரையை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓரடி விலகி நிற்கப் பழக்கினோம்.

சோதனையில் நாங்கள் செய்யாமல் விட்ட ஒன்று நான்காம் நாள் இரவே எங்களைத் தேடி வந்தது. வெள்ளிக்கிழமை ஏழரை மணி, பேத்தியின் பிறந்தநாளுக்காக எட்டுப் பேருடன் வந்திருந்த ஓர் அம்மா அட்டையை இயந்திரத்தில் வைத்த அதே நொடியில் மின்சாரம் போயிற்று. கணினிக்கு யூபிஎஸ் இருந்தது. இயந்திரத்துக்குச் சொந்த மின்கலமும் சிம்மும் இருந்தன. இரண்டையும் இணைத்த ரவுட்டர் மட்டும் அணைந்துவிட்டது. கணினித் திரையில் கொடுப்பனவு தோல்வி என்று சிவப்பு எழுத்து. காசாளர் பிள்ளை, "அம்மா, பெயில் எண்டு காட்டுது, இன்னொருக்கா வைப்பமா?" என்று கேட்டபோது, அந்த அம்மா மெழுகுதிரி வெளிச்சத்தில் தன் தொலைபேசியை நீட்டி, "மகள், எனக்குக் காசு கழிஞ்ச மெசேஜ் வந்திட்டு. மறுகா ஏன் இன்னொருக்கா?" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால், 9,800 ரூபாய் இரண்டு தடவை கழிந்திருக்கும்.

நடந்தது இதுதான். வங்கி அனுமதி கொடுத்துவிட்டது, இயந்திரமும் அதைப் பெற்றுவிட்டது, இயந்திரத்திலிருந்து கணினிக்குப் போகவேண்டிய செய்தி மட்டும் ரவுட்டருடன் செத்துப்போனது. இதற்கு நேர்மாறான இன்னொரு நிலையும் உண்டு. வங்கியின் பதில் இயந்திரத்துக்கே வந்து சேராவிட்டால், இயந்திரம் அடுத்த தடவை தொடர்பு கிடைக்கும்போது அந்தக் கொடுப்பனவை ரத்துச் செய்யும்படி தானாகவே வங்கிக்குச் சொல்லும். வெளியில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே தோல்வியாகத்தான் தெரியும். ஆகவே இப்போது எங்கள் கல்லாவில் ஒரே விதி. கணினி தோல்வி என்று காட்டினால், இயந்திரத்தில் கடைசிப் பற்றுச்சீட்டை மறுபடி அச்சிட்டுப் பார்க்காமல் அட்டையை இரண்டாம் தடவை கேட்கக்கூடாது. அனுமதி இலக்கம் அதில் இருந்தால் பணம் வந்துவிட்டது, கணினியில் அந்த இலக்கத்தைப் போட்டுப் பில்லை மூடவேண்டும். மறுநாளே ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினோம். எந்தக் கடைக்காரரும் இந்த மாற்றத்தைச் செய்வதானால், சோதனை நாளில் அட்டையை வைக்கும் நொடியில் ரவுட்டரின் வயரைக் கழற்றிப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்பேன்.

பணம் கைக்கு வரும் நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வங்கியில்தான் எங்கள் கணக்கும் இருந்தது, ஆகவே முதல் நாள் வியாபாரம் மறுநாள் காலை கணக்கில் நிற்கும். புதிய சேவையில் அது அடுத்த வேலை நாளுக்கே வரும் என்று உடன்படிக்கையில் இருந்தது. எங்கள் இரண்டாம் கிழமையில் திங்கட்கிழமை போயா எனும் பௌர்ணமி விடுமுறையாக வந்தது. வெள்ளி இரவு, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் வியாபாரத்தின் பணமும் செவ்வாய்க்கிழமைவரை வரவில்லை. ஆனால் இறாலும் நண்டும் கொண்டுவரும் மீனவர்களுக்கு விடியற்காலையில் காசாகவே கொடுக்கவேண்டும், வங்கி விடுமுறை என்பது அவர்கள் வீட்டு அடுப்புக்குத் தெரியாது. அண்ணன் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார். மாற்றுவதற்கு முன் ஒரு கிழமைக் கொள்முதலுக்கான காசைத் தனியாக வைத்திருந்தால் அந்தப் பதற்றம் எங்களுக்கு வந்திருக்காது.

பழைய சேவையை முடிப்பதை நாங்கள் அவசரப்படாமல் செய்தோம், அதில் மட்டும் நல்ல புத்தி வேலைசெய்தது. முப்பது நாள் முன்னறிவித்தலை எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரையிட்ட பிரதியைப் பெற்றோம். அந்த முப்பது நாட்களும் பழைய இயந்திரம் ஒன்று கல்லாவுக்குக் கீழே மின்னேற்றப்பட்டே இருந்தது. செப்டெம்பரில் அதில் முற்பணம் செலுத்தியிருந்த ஒரு பூப்புனித நீராட்டு விழா ஓடர் நடுவில் ரத்தானபோது, அந்தப் பணத்தைப் பழைய இயந்திரத்தின் வழியாகவே திருப்பிக் கொடுக்கக்கூடியதாக இருந்தது. அந்தக் கொடுப்பனவைப் புதிய வங்கிக்குத் தெரியாது. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தொடர் இலக்கத்தை எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்காததால், கொடுத்துவிட்ட இயந்திரத்துக்கு நான்கு மாதம் வாடகை கட்டியிருக்கிறார்.

அட்டை வைத்திருப்பவர் ஒரு கொடுப்பனவை மறுப்பதற்கு, விசா விதிகளின்படி பல வகை முறைப்பாடுகளுக்கு 120 நாட்கள்வரை அவகாசம் உண்டு. ஓகஸ்டில் நடந்த ஒரு விருந்துக்கான அப்படியான கேள்வி எங்களுக்கு வந்தது டிசெம்பரில், நாங்கள் விட்டுவந்த பழைய வங்கியிலிருந்து. பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தால், வெப்பத்தாளில் அச்சான எழுத்துகள் சமையலறைப் பக்கத்து அலுமாரியின் சூட்டில் அரைவாசி மறைந்திருந்தன. பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அனுமதி இலக்கத்தை வாசித்து, பில் பிரதியையும் சேர்த்து அனுப்பி, அந்தப் பணத்தைக் காப்பாற்றினோம். இப்போது ஒவ்வொரு இரவும் கடை மூடும் முன் அன்றைய சீட்டுகளைப் படம் எடுத்து மாதக் கோப்பில் போடுகிறோம்.

அதே அலுமாரியில், தொலைபேசியில் ஓடர் கொடுத்தவர்களின் அட்டை இலக்கங்களையும் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எழுதிவைத்த பழைய கொப்பி ஒன்றும் கிடைத்தது. அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. அந்த மூன்று இலக்கத்தைக் கொடுப்பனவு முடிந்த பின் எந்த வடிவத்திலும் வைத்திருக்கக்கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைப் பாதுகாப்பு நியமத்தின் அடிப்படை விதி. அந்த நியமத்தின் 4.0 பதிப்பு 2022இல் வந்து, 2024 மார்ச் 31உடன் பழைய பதிப்பு கைவிடப்பட்டது, ஆனால் இந்த விதி அதற்கும் வெகு முன்னரே இருந்தது. எங்களை நம்பி இலக்கம் சொன்னவர்களின் கொப்பியை அன்றே எரித்தேன்.

இப்போது ஒவ்வொரு இரவும் பத்தரை மணிக்கு, செட்டில்மென்ட் அறிக்கை அச்சான பிறகு, காசாளர் பிள்ளை மூன்று தொகைகளுக்கான ஒரு வரியைத் தொடங்குகிறார். பிஓஎஸ் சொல்லும் அட்டை மொத்தம், இயந்திரம் அன்று பதிந்த கொடுப்பனவுகளின் கூட்டான பேட்ச் மொத்தம், பிறகு வங்கியில் வரும் தொகையுடன் கழிவைச் சேர்த்த மொத்தம். தொலைபேசியில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து செலுத்தும் லங்கா கியூஆர் மூலம் வருவது இந்தப் பேட்ச்சில் சேராது என்பதால் அதற்குத் தனி வரி. முதல் இரண்டும் அன்றிரவே பொருந்தாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மூன்றாவதை நிரப்புவது காலையில் அண்ணனின் வேலை. சென்ற கிழமை அந்த வரியில் 100 ரூபாய் வித்தியாசம் வந்து, அரை மணி நேரம் தேடி, இரண்டாகப் பிரித்த ஒரு பில்லின் அன்பளிப்பில் அதைக் கண்டுபிடித்தார்கள்.